ஒரே கிண்ணத்தில் குடிக்கக் கேட்டவள்

செய்தி வந்தபோது நான் பெல்மதுளையில் மகன் வீட்டில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். பேத்தி போனைக் கொண்டுவந்து என் காதில் வைத்தாள். மறுமுனையில் ரோசம்மாவின் மருமகள்.

"பெரியம்மா, அத்தை போயிட்டாங்க. விடியக்காலம்."

"யாரு வந்திருக்கா?"

"பாஸ்டர் ஐயா வந்து ஜெபம் பண்ணிட்டுப் போனாங்க."

"தேத்தண்ணி குடிச்சாரா?"

"இல்லீங்க. அவசரமா போகணும்னாங்க."

சீலையை மாற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். இரத்தினபுரி, அவிசாவளை, அங்கிருந்து தெஹியோவிட்ட, பிறகு ரப்பர் தோட்டத்துக்கு ஏறும் மலைப்பாதை. வழியெல்லாம் ஒன்றே ஒன்றுதான் மனதில் ஓடியது. இந்த மனிதர் அடக்கத்தில் என்ன பேசப் போகிறார்?

பேசினார். அடக்கத்துக்கு வந்திருந்த நீங்களும் கேட்டீர்கள். "நம்ம சகோதரி வித்தியாசம் பார்க்காதவங்க. ஒரு நாளும் பிரிவினை பேசாதவங்க. சமாதானமா வாழ்ந்து சமாதானமா போனாங்க" என்றார். பெட்டிக்குள் கிடந்தவள் எழுந்து பதில் சொல்ல முடியாது என்கிற தைரியம் அது. அவள் உயிரோடு இருந்தவரை இந்தப் பேச்சை அவள் முன்னால் பேசிவிட்டு அவர் தப்பியதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் படித்தவள் இல்லை. எழுத்துக் கூட்டத் தெரிந்ததும் ரப்பர் பால் வாளி தூக்க அனுப்பிவிட்டார்கள். ஆனால் மறக்கவும் எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

ரோசம்மாவும் நானும் பள்ளத்து லயத்தில், தோட்டக் கூலிகளின் வரிசை வீடுகளில், அடுத்தடுத்த காம்பராவில் இருந்தவர்கள். ஒரே மலையில் ரப்பர் பால் வெட்டினோம். ஒரே ஆண்டில் ஞானஸ்நானம் எடுத்தோம். தோட்டத்துச் சபை தொடங்கியபோது அது ஒரு தகரக் கொட்டகை. மேட்டு லயத்தில் பெரிய சாதிக்காரர்கள், பள்ளத்து லயத்தில் நாங்கள். கோவிலில் எங்களை வாசலோடு நிறுத்தினார்கள் என்றுதான் சபைக்குப் போனோம். போன இடத்தில் பார்த்தால், கோவிலில் எங்களை நிறுத்திய அதே ஆட்கள் எங்களுக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

திருவிருந்து நாளில் ஒரே கிண்ணம். அதில் திராட்சைரசம். பாட்டுத் தொடங்கியதும் சபை மூப்பர் எழுந்து போவார். அவர் பெரிய கங்காணியின் பேரன். பிறகு அவர் மனைவி, நாங்கள் மூப்பரம்மா என்போம். பிறகு மேட்டு லயம் முழுவதும். அவர்கள் எல்லாரும் குடித்துவிட்டு உட்கார்ந்தபின்தான் நாங்கள் எழும்பவேண்டும். இப்படி ஒரு சட்டத்தை யாரும் போடவில்லை. பாட்டின் எந்த அடி வரும்போது பள்ளத்து லயம் எழும்பலாம் என்பது எங்கள் குழந்தைகளுக்கும் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

ஒரு ஜெபக்கூட்டத்தில் ரோசம்மா கேட்டாள். "ஐயா, வர்ற ஞாயித்துக்கிழமை நாங்க முதல்ல வர்றோமே. ஒரு மாறுதலுக்கு."

பாஸ்டர் ஐயா சிரித்தார். அவர் பேசிக்கொண்டே சிரிக்கிறவர். "சாதியப் பத்திப் பேசுறதுதாம்மா பாவம். கிறிஸ்துவுக்குள்ள எல்லாரும் ஒண்ணு."

"அப்ப யாரு முந்தினா என்னங்க? நாங்களே முந்துறோம்."

மூப்பருக்கு இருமல் வந்தது. பாஸ்டர் ஐயா நீளமாக ஒரு ஜெபம் பண்ணிக் கூட்டத்தை முடித்தார். பதில் இல்லாத இடத்தில் கண்ணை மூடிக்கொள்வது அவருக்குக் கைவந்த வேலை.

அடுத்த திருவிருந்துக்குக் கிண்ணத்தையே காணோம். அந்த இடத்தில் ஒரு தட்டு. அதில் மருந்துக் கோப்பை அளவுக்குச் சின்னச் சின்னப் பிளாஸ்டிக் கோப்பைகள், ஆளுக்கு ஒன்று. சுகாதாரம் என்றார். கொழும்புச் சபைகளிலும் இப்படித்தான் என்றார். "இனி முந்தினவங்க பிந்தினவங்கன்னு யாருக்கும் குறை இல்லைல்ல?" என்று எங்கள் பக்கம் பார்த்து வேறு கேட்டார். யோசித்துப் பாருங்கள். எங்கள் எச்சில் மேட்டு லயத்தின் உதட்டில் பட்டுவிடக்கூடாது என்று கர்த்தருடைய கிண்ணத்தையே உள்ளே தூக்கி வைத்தார்கள். வைத்துவிட்டு அதற்கு ஐக்கியம் என்று பெயரும் வைத்தார்கள். மேட்டு லயம் நிம்மதியாக மூச்சு விட்டது. எங்கள் லயத்திலும் சிலர் சந்தோஷப்பட்டார்கள், தனிக் கோப்பை கிடைத்துவிட்டதே என்று.

ரோசம்மா சந்தோஷப்படவில்லை. அதற்கடுத்த திருவிருந்துக்கு அவள் முந்தானைக்குள் ஒரு சிரட்டையை மறைத்துக் கொண்டுவந்தாள். ரப்பர் மரத்தில் பால் வடியக் கட்டுகிற தேங்காய்ச் சிரட்டை. சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவியிருந்தாள். தட்டு அவளிடம் வந்ததும் அதைத் தள்ளிவிட்டுச் சிரட்டையை நீட்டினாள்.

"இதுல ஊத்துங்க ஐயா. எங்க தாத்தா மூப்பரோட தாத்தா வீட்டு வாசல்ல தேத்தண்ணி குடிச்சது இந்த மாதிரி சிரட்டையிலதான். ஆளுக்கொரு ஏனம்னு ஆனபிறகு எனக்கு எதுக்குங்க புதுசு? பழசே இருக்கு."

பாஸ்டர் ஐயா ஊற்றவும் இல்லை, மறுக்கவும் இல்லை. தட்டை மேசையில் வைத்துவிட்டு ஆசீர்வாதம் சொல்லி அனுப்பிவிட்டார். மறுகிழமை அறிவிப்பு வந்தது. சகோதரி ரோசம்மா சபையில் பிரிவினை உண்டாக்கியதால், மனந்திரும்பி மன்னிப்புக் கேட்கும்வரை திருவிருந்தில் அவளுக்குப் பங்கில்லை.

அவள் சபையை விட்டுப் போயிருக்கலாம். ரோட்டோரத்தில் வேறு கூட்டங்கள் இருந்தன. போகவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் வந்து முன் பாயிலேயே உட்கார்ந்தாள். தட்டு அவளைத் தாண்டிப் போகும். அவள் பாட்டை நிறுத்தமாட்டாள். "ஏன்டி இப்படி அவமானப்படுற?" என்று நான் கேட்டால், "மன்னிப்புக் கேக்க நான் தயார் அக்கா. எதுக்குன்னு அவரு சொல்லட்டும். செத்துப்போறதுக்குள்ள அந்தப் பழைய கிண்ணத்துல எல்லாரோடயும் ஒருதரம் குடிச்சிடணும். வேற ஆசை இல்ல" என்பாள்.

இதற்கிடையில் கொழும்பிலிருந்து படித்த பெண் பிள்ளை ஒன்று வந்தது. காற்சட்டை போட்ட பிள்ளை. தோட்டப் பெண்களைப் பிள்ளைக் காம்பராவில், வேலைக்குப் போகிறவர்கள் கைக்குழந்தையை விடுகிற இடத்தில், கூட்டி வைத்துக் கூட்டம் நடத்தியது. பெரிய தாளில் வட்டம் வட்டமாகப் போட்டது. ஒன்று பெண், ஒன்று கூலிக்காரி, ஒன்று தமிழ், ஒன்று சாதி. எல்லா வட்டமும் ஒன்றின்மேல் ஒன்று ஏறுகிற நடு இடத்தில் நாங்கள் நிற்கிறோமாம். சட்டத்திலும் சம்பளத்திலும் பழக்கத்திலும் இது ஊறிக் கிடக்கிறது, யாரோ ஒரு கெட்டவன் செய்கிற வேலை மட்டும் இல்லை என்று சொன்னது. ரோசம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கு இத்தனை தாளாம்மா? மழையில நனைஞ்சு வந்தவகிட்ட எந்தத் துளி உன்னை நனைச்சதுன்னு கேக்குறாங்க. அதுக்கு நீ படம் போட்டிருக்க. சரியாத்தான் போட்டிருக்க" என்றாள்.

கூட்டத்தின் முடிவில் அந்தப் பிள்ளை, மதம்தான் உங்கள் கால் விலங்கு, அதைக் கழற்றுங்கள் என்றது. மேல்சாதியில் பிறந்தவர்கள் மாறவே மாட்டார்கள் என்றது. ரோசம்மா எழுந்துவிட்டாள். "எனக்குச் செஞ்சது மட்டும் நான் இல்லம்மா. நான் செஞ்ச பாவமும் எனக்கு உண்டு. அதுக்கு ஒருத்தரு செத்தாரு. மூப்பருக்கும் சேத்துத்தான் செத்தாரு. அந்த ஆளு மாறமாட்டாருன்னு சொல்ல எனக்கு மனசு வரும், வாய் வராது." அந்தப் பிள்ளைக்குக் கொஞ்சம் கோபம்தான். ஆனாலும் போகும்போது ரோசம்மாவின் வீட்டில் தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனது. கோப்பையை அதுவே கழுவியும் வைத்தது. மூப்பர் வீட்டார் ஒருவரும் ஒரு காலமும் செய்யாத காரியம் அது.

பாஸ்டர் ஐயா அந்த ஞாயிறு முழுவதும் அந்தப் பிள்ளையைப் பற்றியே பிரசங்கித்தார். கடவுள் இல்லாதவர்களின் போதனை, வெளிநாட்டுச் சரக்கு, சபையை உடைக்க வந்த விஷம். அந்தக் கூட்டத்துக்கு அவர் போகவில்லை. அந்தத் தாளைப் பார்க்கவும் இல்லை. ரோசம்மா வாசலில் நின்று அவரிடம் சொன்னதை எழுத்து மாறாமல் எழுதுகிறேன். "நோவு இருக்கிற இடத்தை அந்தப் பிள்ளை சரியா தொட்டுச்சுங்க ஐயா. மருந்துதான் அதுகிட்ட இல்ல. மருந்து உங்க கையில இருக்கு. நீங்க நோவே இல்லைன்னு சொல்லிக்கிட்டு நிக்கிறீங்க."

சிங்களச் சபைக்காரரோடு அவிசாவளையில் நடந்த கூட்டத்தையும் சொல்லவேண்டும். யுத்த காலம். போகிற வழியில் பட்டாளத்துக்காரர்கள் பஸ்ஸை நிறுத்தி, தமிழ்ப் பெயர் இருந்த அடையாள அட்டைக்காரரை மட்டும் இறக்கினார்கள். ரோசம்மாவும் நானும் வெயிலில் நின்றோம். அதே பஸ்ஸில் இருந்த சிங்களச் சகோதரிகள் ஜன்னலுக்கு வெளியே ரப்பர் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூட்டத்தில் சாட்சி சொல்லும்போது இதையெல்லாம் சொல்லக்கூடாது என்று பாஸ்டர் ஐயா வழியிலேயே எச்சரித்தார். ரோசம்மா மேடையில் ஏறிச் சிங்களத்திலேயே சொன்னாள். நாம் ஒரே குடும்பம் என்று பாடினீர்களே, குடும்பத்தில் இரண்டு பேரை இறக்கினபோது மற்றவர்கள் ஏன் இறங்கவில்லை என்று கேட்டாள். சுமனா என்ற ஒரு பெண் அழுதாள். அழுகையைப் பார்த்து நான் நம்புவதில்லை. ஆனால் அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது பஸ் நின்றதும் சுமனா எங்களோடு இறங்கினாள். "நங்கி, நீ ஏன் இறங்குற?" என்று, தங்கச்சி முறை வைத்து, ரோசம்மா கேட்டாள். சுமனா வெயிலில் எங்கள் பக்கத்தில் வந்து நின்றாள். பாஸ்டர் ஐயா பஸ்ஸுக்குள்ளேயே உட்கார்ந்து எங்களுக்காக ஜெபம் பண்ணினார். அவரை மட்டும் ஏன் இறக்கவில்லை என்று கேட்கிறீர்களா? பட்டாளத்துக்காரன் அவரையும் இறங்கத்தான் சொன்னான். அவர் போதகர் அட்டையைக் காட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

கடைசிக் காலத்தில் ரோசம்மாவுக்கு வயிற்றில் கட்டி. ஆஸ்பத்திரியில் வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். நான் போய்ச் சில நாள் அவளோடு தங்கினேன். ஒரு மத்தியானம் பாஸ்டர் ஐயா வந்தார். மூப்பரம்மாவும் கூட வந்தார். விலக்கி வைத்ததை இரக்கத்தோடு நீக்குகிறோம் என்று சொல்லி, பையிலிருந்து சின்னப் பிளாஸ்டிக் கோப்பையை எடுத்து ரசம் ஊற்றினார்.

ரோசம்மா தலையை நிமிர்த்திப் பாதி குடித்தாள். மீதியை அவரிடம் நீட்டினாள்.

"நீங்களும் குடிங்க ஐயா."

"நான் சபையில எடுத்துக்கிட்டேம்மா."

"இதுலயும் எடுத்துக்குங்க."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் முகத்தைத் திருப்பவில்லை. மருந்து சாப்பிடுகிறேன், ரசம் ஒத்துக்கொள்ளாது என்றார். ரோசம்மா நீட்டிய கையை மடக்கவில்லை. கோப்பையை வாங்கி வைத்துவிடலாம் என்று நான் எழும்புவதற்குள் மூப்பரம்மா குனிந்து அதை வாங்கினார். குடித்தார். குடித்துவிட்டுச் சேலைத் தலைப்பால் வாயைத் துடைக்கவும் இல்லை.

"ஒங்களுக்குப் பொறவு குடிக்கக் கூடாதுன்னுதான் ரோசம்மா நாங்க முதல்ல எழும்புனோம். கோப்பை மாத்துனதும் அதுக்குத்தான். மூப்பருதான் ஐயாகிட்டச் சொன்னாரு. நானும் கூட இருந்து சொன்னேன்."

பாஸ்டர் ஐயா, "இப்ப எதுக்கும்மா அதெல்லாம்" என்றார்.

ரோசம்மா அவர் பக்கம் திரும்பவே இல்லை. "இதைத்தாங்க இத்தனை வருசமா கேட்டேன். பேரில்லாத பாவத்தை நான் எப்படி மன்னிக்கிறது? இப்ப பேரு வந்திருச்சு. மன்னிச்சுட்டேன்" என்று மூப்பரம்மாவின் கையைப் பிடித்தாள். பழைய கிண்ணம் அவளுக்குக் கிடைக்கவில்லை. பிளாஸ்டிக் கோப்பையே அன்றைக்குக் கிண்ணமாக இருந்தது.

இது நடந்த அறையில் நின்றிருந்த மனிதர்தான், அவள் ஒரு நாளும் பிரிவினை பேசாதவள் என்று அடக்கத்தில் சொன்னார். பிரிவினையை உண்டாக்கியவர்கள் யார் என்று அவர் காதாலேயே கேட்டிருந்தும் சொன்னார். அன்று துக்க வீட்டில் தேத்தண்ணீர் கொடுத்தபோது மேட்டு லயத்துக்காரர் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் சீனி வியாதி வந்துவிட்டது. சீனி போடாமல் கொண்டுவந்தபோது வயிற்றுக்கு ஆகாது என்றார்கள். மூப்பரம்மா மட்டும் அடுப்படிக்கே வந்து, பலகையில் உட்கார்ந்து, இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிக் குடித்தார். அவரை எனக்கு இன்னும் பிடிக்காது. ஆனால் அன்று குடித்ததைக் குடித்தார் என்றுதான் எழுதவேண்டும்.

ரோசம்மா மன்னித்துவிட்டுப் போனாள். கேட்டவரை மன்னித்தாள், கேட்காதவருக்காகவும் கடைசிவரை ஜெபம் பண்ணினாள். அந்தக் குணம் எனக்கு வரவில்லை. நான் அவளிடமிருந்து எடுத்துக்கொண்டது வேறு. அவளுடைய மருமகளிடம் கேட்டு அந்தச் சிரட்டையை வாங்கி வந்தேன். பெல்மதுளையில் எங்கள் அடுப்படித் தட்டில் கோப்பைகளுக்குப் பக்கத்தில் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். பாஸ்டர் ஐயா இந்தப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வரட்டும். தான் செய்தது இன்னது என்று பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தால் கோப்பையில் கொடுப்பேன், அவர் குடித்த மீதியை நானும் குடிப்பேன். எல்லாரும் ஒன்று என்று சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தால், அவருக்குத் தேத்தண்ணீர் சிரட்டையில்தான்.