வழி மூடும் நாள்

சம்பளப் பட்டியலில் அவருக்கு ஒரு பெயர் உண்டு. கூப்பிடுவதற்கு அது யாருக்கும் தேவைப்படவில்லை. "பூட்டு" என்றால் போதும், பல்கலைக்கழகத்தில் துணைவேந்தரின் டிரைவர் முதல் தோட்டக்காரர் வரை ஆளைக் காட்டிவிடுவார்கள். நிலக் காவலர் வேலை. புல்வெளியில் யார் படுக்கலாம், மரத்தடியில் யார் கடை போடலாம், ஏரிக்கரையில் யார் படம் பிடிக்கலாம் என்றெல்லாம் விதி போடப் பல்கலைக்கழகத்துக்குச் சட்டமே அதிகாரம் கொடுத்திருக்கிறது. அந்த விதிகளை மனுஷன் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்த சம்பந்தியிடமே, வண்டியை எங்கே நிறுத்தினீர்கள் என்றுதான் முதலில் கேட்டார்.

அதிலும் அவருக்கு உசிரானது, வழி மூடும் நாள். பின்பக்க கேட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வளாகத்துக்குள் ஒரு குறுக்குவழி போகிறது. கேட்டுக்கு வெளியே இருக்கும் குடியிருப்புக்காரர்கள் தினமும் அதில்தான் நடக்கிறார்கள். இருபது வருஷம் தடையில்லாமல் நடந்துவிட்டால் அது பொதுவழியாகிவிடும், பிறகு பல்கலைக்கழகம் வாயைத் திறக்க முடியாது. அந்தக் கணக்கு அறுந்துபோவதற்காக வருஷத்தில் ஒரே ஒரு நாள், காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை, கேட்டை மூடிவிட்டு ஸ்டூல் போட்டு உட்காருவார். சாயங்காலம் பதிவேட்டில் எழுதுவார்: யாரும் கடக்கவில்லை.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்படியொரு நாளில், பகல் பதினொன்றரைக்கு, அவருடைய அக்கா வந்தாள். தாயில்லாத வீட்டில் அவரை இடுப்பில் தூக்கி வளர்த்தவள்.

"நெஞ்ச அடைக்குதுடா. கொஞ்சம் தொற."

"இன்னிக்கு மட்டும் முடியாதுக்கா. ஒருத்தர் போனாலும் போச்சு. மெயின் ரோடு வழியா போயிடேன்."

அவள் கோபித்துக்கொள்ளக்கூட இல்லை. சுற்றிக்கொண்டு போனாள். மருந்துக்கடை முனையில் விழுந்தவள் எழுந்திருக்கவே இல்லை. பாவி மனுஷன், செய்தி வந்த பிறகும் ஆறு மணி வரை உட்கார்ந்திருந்து, பதிவேட்டை எழுதிவிட்டுத்தான் ஓடினார்.

அடுத்த வருஷம் அதே நாள், அதே நேரத்துக்கு அவள் வந்தாள். பட்டப்பகல். விழுந்த இடத்தில் தொலைந்த செருப்பு தொலைந்தபடியே, ஒரு காலில் மட்டும் செருப்பு. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மெயின் ரோட்டுப் பக்கம் திரும்பி நடந்தாள். அவள் பிடித்த இடத்தைத் தொட்டுப் பார்த்தார். கொதிக்கிற வெயிலில் அந்த ஒரு சாண் இரும்பு மட்டும் சில்லிட்டிருந்தது. அதற்கப்புறம் ஒரு வருஷம்கூடத் தவறவில்லை. யாரிடம் போய்ச் சொல்வது? மறை கழன்றுவிட்டது என்பார்கள்.

இந்த வருஷம் குடியிருப்புக்காரர்கள் அது பொதுவழிதான் என்று வழக்குப் போட்டார்கள். பல்கலைக்கழகத்தின் வக்கீலம்மா பதிவேடுகளைப் புரட்டிக்கொண்டே கேட்டாள்.

"அன்னிக்குப் பாத்து யாராவது அவசரம்னு வந்தா என்ன பண்ணுவீங்க?"

"திருப்பி அனுப்பிடுவேம்மா. விட்டா தடை உடைஞ்சிடுமே."

"யார் சொன்னா? நாம அனுமதி குடுத்து ஒருத்தர் போனா, நிலம் நம்மளதுன்னுதானே அர்த்தம். நமக்கு இன்னும் பலம்தான். ஒரு சீட்டுல எழுதி, கையெழுத்துப் போட்டு விட்டிருக்கலாமே."

"நானேவா?"

"எட்டாவது விதி. அதிகாரம் பெற்ற அலுவலர் அனுமதி குடுக்கலாம். அது நீங்கதானே?"

எட்டாவது விதியை ஆயிரம் தடவை ஒப்பித்திருக்கிறார். அந்த அலுவலர் தான்தான் என்று ஒரு தடவைகூடத் தோன்றியதில்லை. அன்றைக்கு நாலு வரி எழுதியிருந்தால் போதும், அக்கா ஐந்து நிமிஷத்தில் ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பாள்.

வழி மூடும் நாள் வந்தது. காலையிலேயே சீட்டு எழுதி வைத்துவிட்டார். பதினொன்றரைக்கு அவள் வந்து கம்பியைத் தொட்டதும் கேட்டை விரியத் திறந்தார்.

"வாக்கா. இப்படியே போயிடலாம். சீட்டு எழுதிட்டேன்."

அவள் திறந்த வழியைப் பார்த்தாள். பிறகு வழக்கம்போல மெயின் ரோட்டுப் பக்கம் நடந்தாள். அவருக்குத் தாங்கவில்லை. எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, சீட்டை நீட்டிக்கொண்டே பின்னால் ஓடினார். எவ்வளவு ஓடினாலும் அவள் பத்தடி முன்னால்தான் இருந்தாள். பக்கத்தில் பஸ்கள் போயின, சத்தமே கேட்கவில்லை. மருந்துக்கடை முனையில் நின்றாள். பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்தாள். சீட்டை வாங்கவில்லை.

"கேட்ட தொறந்து போட்டுட்டு வந்துட்டியேடா," என்றாள். "உன் வேலைக்கு ஏதாவது வந்துடப் போகுது. போ."