கிளிநொச்சி வரைக்கும் ஒரு சண்டை

எங்கள் அப்பா நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து லொறி ஓட்டினார். மலை வீதியில் அவரை மிஞ்ச ஆளில்லை என்பது எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எல்லோரும் ஒத்துக்கொண்ட விஷயம். ஒத்துக்கொள்ளாதவர்களிடம் அவரே எடுத்துச் சொல்லிவிடுவார். எனக்குப் பத்து வயதாக இருந்தபோது அவர் முதன்முறையாக வளைவில்லாத வீதியொன்றில் வண்டி ஓட்ட நேர்ந்தது. அன்று அம்மாவும் அவரும் போட்ட சண்டையைப் போல ஒரு சண்டையை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

பயணத்துக்குக் காரணம் அத்தை. அப்பாவின் ஒரே தங்கை, கிளிநொச்சியில் வாழ்க்கைப்பட்டவர். எனக்குக் காது குத்திய அன்று பந்தியில் வைத்து, அண்ணனை எங்களுக்கு இல்லாமல் ஆக்கியவள் என்று அம்மாவைப் பற்றி நாலு பேர் காதில் விழச் சொல்லிவிட்டாராம். இனி உன் வாசலை மிதிக்க மாட்டேன் என்று அப்பாவும் சொல்லிவிட்டார். அதோடு போக்குவரத்து நின்றது. அப்பா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஆனால் யாராவது தங்கை பேச்சை எடுத்தால் மட்டும் தட்டிலிருக்கும் சோற்றை அளைந்துகொண்டே இருப்பார்.

பிறகு அத்தையின் மகள் பெரியவளானாள். அத்தை அப்பாவைக் கூப்பிடவில்லை, அம்மாவின் போனுக்குத்தான் எடுத்தார். சடங்கில் தாய்மாமனும் அவர் மனைவியும் சேர்ந்து நின்று பெண்ணுக்கு முதல் தண்ணீர் ஊற்ற வேண்டும். அவர்கள் வராவிட்டால் அத்தையின் புருஷன் வீட்டார் வேறொரு சோடியை அந்த இடத்தில் நிறுத்துவார்கள். அப்படி நிறுத்திவிட்டால் அண்ணன் தங்கை உறவு அன்றோடு சரி. பிறகு ஒட்டவைக்க முடியாது. அம்மா போனில் வருகிறோம் என்று மட்டும் சொன்னார். அப்பா வெளியே போய், மாலையில் கூட்டாளி ஒருவரின் வேனோடு வந்து சேர்ந்தார்.

நல்ல நேரம் பிற்பகலில் இருந்தது. விடியுமுன் புறப்பட்டால் பிடித்துவிடலாம் என்றார் அப்பா. நான் பின் சீட்டில் சீர்த்தட்டுகளுக்குக் காவல். அம்மா முன்னால், அப்பாவுக்குப் பக்கத்தில். அம்மாவுக்கு வளைவு ஒத்துக்கொள்ளாது. மலையிலேயே பிறந்து, நாள் முழுக்கச் சரிவில் நின்று கொழுந்து பறிக்கிறவருக்கு, வாகனத்தில் ஏறினால் இரண்டாவது வளைவிலேயே குமட்டும். புளிப்பு வாசத்துக்கு ஒரு தேசிக்காயை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை இறுக மூடிவிட்டார்.

அப்பா ஒவ்வொரு வளைவையும் முன்கூட்டியே சொல்லிக்கொண்டு வந்தார். "வலது பக்கம் திருப்பப் போறேன், சாஞ்சுக்க." "இப்ப ரெண்டு சேந்தாப்ல வரும், பயப்புடாத." வீட்டில் நாலு வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர் கினிகத்தேனை தாண்டியும் ஓயவில்லை. அம்மா கண்ணைத் திறக்காமலே அந்தந்தப் பக்கம் சாய்ந்தார். மலை இறங்கி முடிக்கும்வரை ஒரு தடவைகூட வாந்தி எடுக்கவில்லை. இவர்களைப் போல ஒற்றுமையான அப்பா அம்மா உலகத்திலேயே கிடையாது என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டேன். அந்தப் பெருமை தம்புள்ளை வரைக்கும் நிலைத்தது.

கண்டி நெரிசலில் கொஞ்ச நேரம் போய்விட்டது. தம்புள்ளை தாண்டி ஒரு மரத்தடியில் நிறுத்தி, கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றை அவசர அவசரமாகச் சாப்பிட்டோம். அதற்குப் பிறகு வீதி நேராகிவிட்டது. காபெட் தார் போட்ட கறுத்த வீதி, இரண்டு பக்கமும் ஒரே மாதிரிப் பற்றைக்காடு, மேலே வெயில். வளைவு இருக்கும்வரை அப்பாவிடம் தூக்கம் அண்டாது. கைக்கும் காலுக்கும் வேலை இருந்துகொண்டே இருக்கும். இங்கேயோ ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சும்மா இருப்பதுதான் வேலை. போதாததற்கு வயிற்றில் புளிச்சோறு. இதெல்லாம் வெகுகாலம் கழித்து அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்று அப்பாவின் தலை லேசாகச் சரிந்ததையும் வேன் வெள்ளைக் கோட்டைத் தொட்டதையும் அம்மா பார்த்தார், நான் பார்க்கவில்லை.

நிறுத்திக் கொஞ்சம் கண்ணயர நேரமில்லை. தூக்கமா என்று அம்மா ஒரு தடவை கேட்டாராம். எனக்கா, என்றாராம் அப்பா. லொறிக்காரனிடம் அதற்கு மேல் கேட்கக்கூடாது. கேட்டால் ரோஷத்தில் இன்னும் அழுத்தி ஓட்டுவார். அம்மா கொஞ்ச தூரம் யோசித்தார். பிறகு தொடங்கினார்.

"ஏங்க, பொட்டக்குஞ்சுன்னு நீங்க வாங்கிட்டு வந்த அத்தனையும் சேவலா போச்சே, அது எப்புடிங்க?"

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். குஞ்சில் யாருக்குத்தான் தெரியும் என்றார். தெரியாதவர் ஏன் தெரிந்த மாதிரி வாலைத் தூக்கிப் பார்த்தார் என்று அம்மா கேட்டார். அது அடங்கியதும், மாமா கல்யாணத்தில் அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனது வந்தது. பிறகு ஒழுகுகிற கூரைத் தகரம். பிறகு நான் பிறந்த அன்று ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னால் வேறு வார்டில் போய் நின்றது. அம்மா சண்டையிலும் 'ங்க' போடத் தவறவில்லை, அதுவே கேட்கப் பயங்கரமாக இருந்தது. அப்பா கத்தினார், ஸ்டியரிங்கில் அடித்தார், அம்மாவின் வீட்டாரையும் வம்புக்கு இழுத்தார். அவர் நன்றாகச் சூடேறியதும் அம்மா திருப்தியாகச் சாய்ந்துகொண்டு எனக்கு அவித்த கடலை எடுத்துத் தருவார். அப்பாவின் குரல் தணிந்து இமை தாழ்ந்தால் அடுத்ததைத் தொடங்குவார்.

எனக்குச் சீர்த்தட்டுத் தேங்காயெல்லாம் மறந்துபோயிற்று. பக்கத்து லயத்து அக்கா ஒருத்தி இப்படிச் சண்டை போட்டுத்தான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய் வீடு போயிருந்தாள். அம்மா அடுத்து எடுக்கப் போவது அத்தை பந்தியில் சொன்ன சொல்தான் என்று நான் பயந்துகொண்டே காத்திருந்தேன். வவுனியா போயிற்று, மாங்குளம் போயிற்று. பழைய குப்பை எல்லாவற்றையும் கிளறிய அம்மா அதை மட்டும் தொடவில்லை.

நல்ல நேரம் தப்பாமல் போய்ச் சேர்ந்தோம். ஆனால் அம்மாவின் தொண்டை கட்டிவிட்டது. வாசலில் அத்தை வந்து, "வாங்க அண்ணி" என்று கையைப் பிடித்தபோது அம்மாவின் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. அத்தையின் முகம் வாடிவிட்டது. அண்ணி இன்னும் மனதில் வைத்திருக்கிறார் என்று நினைத்துவிட்டார். பந்தலில் இருந்தவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். புருஷன் வீட்டுப் பெரியவர் ஒருவர், மனசில்லாதவர்கள் தண்ணீர் ஊற்ற வேண்டாமே என்று மெதுவாகத் தொடங்கினார். வேறு சோடி ஒன்று அங்கே தயாராகவே நின்றது.

அப்பா சபையில் பேசி நான் பார்த்ததில்லை. அன்று பேசினார். "அவளுக்கு மனசெல்லாம் இருக்குங்க, தொண்டைதான் போயிருச்சு. வழி பூரா அவ பேசிட்டே வந்ததாலதான் நான் இப்ப உசுரோட உங்க முன்னாடி நிக்கிறேன்." பிறகு தங்கையைப் பார்த்து, "வரணும்னு சொன்னதும் அவதான்," என்றார். அத்தை பந்தலென்றும் பாராமல் அம்மாவின் தோளில் விழுந்து அழுதார். அம்மாவும் சத்தமில்லாமல் அழுதார். பிறகு அப்பாவும் அம்மாவுமாகச் செம்பைப் பிடித்து முதல் தண்ணீரை ஊற்றினார்கள். எனக்கோ அப்பா சபையில் இவ்வளவு பெரிய பொய்யைக் கூசாமல் சொல்லிவிட்டாரே என்று ஆச்சரியமாக இருந்தது.

மறுநாள் திரும்பும்போது நான் முந்திக்கொண்டு முன் சீட்டில் ஏறி, அம்மாவைப் பின்னால் படுக்கச் சொன்னேன். அவருக்குத் தொண்டை இன்னும் திறக்கவில்லை. குடும்பத்தில் சமாதானம் நிலவ வேண்டுமென்று நானும் வாயைத் திறக்கவில்லை. வவுனியா தாண்டிக் கொஞ்ச தூரத்தில் அப்பா வேனை ஓரங்கட்டினார். "நீ பின்னுக்குப் போம்மா, அம்மாவ முன்னுக்கு வரச் சொல்லு," என்றார்.

அம்மா முன்னால் வந்து உட்கார்ந்தார். பேச முடியாததால் கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை அப்பாவின் புஜத்தில் நறுக்கென்று கிள்ளினார். அப்பாவைக் கிள்ளாதீங்க என்று நான் பின்னாலிருந்து அழுதேன். அப்பா கையைத் தடவிக்கொண்டு சிரித்தார், அம்மாவும் சத்தமில்லாமல் குலுங்கிச் சிரித்தார். பெரியவளானாலும் கல்யாணம் மட்டும் செய்துகொள்ளவே கூடாது என்று மதவாச்சிக்குக் கிட்ட நான் முடிவெடுத்தேன்.