தன் காரைத் தானே சோதித்த பாக்கியரத்தினம்

பெற்றோல் குதிரைக்கொம்பாக இருந்த தொண்ணூறுகளில் திருகோணமலையில் வாடகைக் கார் ஓட்டியவர் பாக்கியரத்தினம். கையில் ஒரு துளி பெற்றோல் பட்டாலும் மனிதர் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் துடைப்பார் என்று மற்றச் சாரதிகள் பகிடி பண்ணுவார்கள். அதில் பொய்யில்லை.

அவருடைய பழைய மொறிஸ் மைனருக்கு ஒரு கிழமையாகச் சுகமில்லை. திறப்பைத் திருப்பியதும் இயந்திரம் பிடிக்கும். கொஞ்சத் தூரம் ஓடும், பிறகு இருமி இருமி நின்றுவிடும். பிளக்கைத் துடைத்தார், காபரேற்றரைக் கழற்றி ஊதினார், கோணேசருக்கு நேர்த்தியும் வைத்தார். அது எதற்கும் மசியவில்லை.

அந்த நிலையில் ஒரு பின்னேரம் நிலாவெளிக்குச் சவாரி வந்திருந்தபோது, ஆமினா உம்மா என்ற பெண் ஓடிவந்து காரை மறித்தாள். மகள் ஜெஸீமாவுக்குத் தலைப்பிள்ளை வலி கண்டுவிட்டது. பிள்ளையின் கால் முன்னுக்கு இருக்கிறது, உடனே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாவிட்டால் இரண்டு உயிரும் தப்பாது என்று மருத்துவிச்சி கையை விரித்துவிட்டாள். ஊரில் அப்போது வேறு வாகனமில்லை. கார் சரியில்லை என்று தெரிந்தும் அவர் தாயையும் மகளையும் ஏற்றிக்கொண்டார்.

வழியிலிருந்த முதல் சென்றிவரை, அந்த ஆமிச் சோதனைச் சாவடிவரை, கார் தட்டுத்தடுமாறித்தான் போனது. சிப்பாய்கள் வழக்கம்போல அதைக் குடைந்து பார்த்துவிட்டு விட்டார்கள். பிறகு கொஞ்சத் தூரம் நன்றாக ஓடிய கார், ஆளரவமற்ற பனங்கூடலுக்கு நடுவே இருமி நின்றது. திரும்பப் பிடித்தது, திரும்ப நின்றது. பின்சீற்றில் ஜெஸீமா துடித்தாள்.

"தம்பி, ஆமிக்காரன் பாத்ததுக்குப் பொறகு நல்லாத்தானே போச்சு? அவன் என்னத்தச் செஞ்சான்?" என்றாள் ஆமினா உம்மா.

எரிந்து விழப்போன பாக்கியரத்தினம் அப்படியே நின்றுவிட்டார். கிழவி சொல்வது மெய்தான். இந்தக் கிழமை முழுக்க ஒவ்வொரு சென்றி தாண்டியதும் கார் சுகப்பட்டுத்தான் ஓடியிருக்கிறது!

உடனே அவரே சிப்பாயாக மாறினார். பொனற்றைத் தூக்கி மூடினார். ஓடவிட்டுப் பார்த்தார், கார் நின்றது. டிக்கியைத் திறந்தார், கால்விரிப்பை உதறினார். அப்போதும் நின்றது. இனி என்ன மிச்சம்? சிப்பாய்கள் பெற்றோல் தாங்கியைத் திறந்து கம்பி விட்டுக் குத்திப் பார்ப்பார்களே! மூடியைத் திருகினார். உஸ்ஸென்று காற்று உள்ளே பாய்ந்தது. வெகுநேரம் மூச்சடக்கிக் கிடந்த உயிரொன்று மூச்சிழுத்தது போலிருந்தது. அவருக்கு மெய் சிலிர்த்தது.

பெற்றோல் ஆவியாகிப் போய்விடும் என்று பயந்து, மூடியிலிருந்த காற்றுத் துளையைச் சவர்க்காரத்தால் அடைத்து, சைக்கிள் ரியூப் துண்டும் வைத்து இறுக்கியவர் இதே மகாபுத்திசாலிதான். குறைகிற பெற்றோலின் இடத்துக்குக் காற்று வராவிட்டால் மிச்சப் பெற்றோல் எப்படி இறங்கும்? கம்பியோடு வருகிறவனை நாள்தோறும் மனதுக்குள் திட்டியவர் அவர். அவனோ சந்தேகப்பட்டுச் சந்தேகப்பட்டே அந்தக் காருக்கு மூச்சுக் கொடுத்திருக்கிறான். கடவுள் யார் கையைக்கொண்டு எதைத் திறக்கிறார் என்று யாருக்குத் தெரியும்!

"உம்மா, ஊசி ஏதும் இருக்கோ?"

ஆமினா உம்மா முக்காட்டில் குத்தியிருந்த ஊசியைக் கழற்றி நீட்டினாள். அவர் ரியூப்பைப் பிய்த்தெறிந்து, துளையைக் குத்தித் திறந்து, மூடியைப் பூட்டினார். அதன்பிறகு ஆஸ்பத்திரி வாசல்வரை கார் ஒருதரமும் இருமவில்லை.

ஜெஸீமாவை உள்ளே கொண்டுபோன பிறகும் அவருக்குத் திரும்பிப் போக மனம் வரவில்லை. பொழுதுபடுகிற நேரம் ஆமினா உம்மா வெளியே வந்தாள்.

"ஆம்புளப் புள்ள, தம்பி. நீலம்பாரிச்சு மூச்சில்லாமத்தான் வந்திச்சாம். இன்னும் கொஞ்சம் சுணங்கியிருந்தா இல்லையாம். இப்பதான் கத்துது, கேக்குதா?"

கேட்டது. பாக்கியரத்தினம் காரில் சாய்ந்து நின்று, முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மி விம்மி அழுதார்.