நான் சாப்பிட்டேன், அவள் பட்டினி கிடந்தாள்

போன வருஷம் தை மாதம் என் வலது முட்டியைத் திறந்து, உள்ளே இருந்த செயற்கை மூட்டைக் கழற்றி எடுத்துவிட்டார்கள். அது இருந்த இடத்தில் மருந்து கலந்த சிமெண்டுக் கட்டியை வைத்துத் தைத்தார்கள். மூட்டு இல்லாத கால் கால் மாதிரி இருக்காது. யாரோ பக்கத்தில் கிடத்திவிட்டுப் போன விறகுக் கட்டை மாதிரி இருக்கும். மடங்காது. ஊன்றவும் கூடாது. கட்டிலில் புரள வேண்டுமென்றால் என் மனைவி தனம் வந்து இரண்டு கையாலும் அதைத் தூக்கி வைக்க வேண்டும்.

நானோ உட்கார்ந்த இடத்தில் உட்காரத் தெரியாத ஆள். வீடு வீடாகப் போய்க் கரண்ட் மீட்டர் கணக்கெடுக்கிற வேலை. ஸ்ரீரங்கத்தில் எந்த வீட்டு நாய் கடிக்கும், எது சும்மா குரைக்கும் என்று என் காலுக்குத் தெரியும். காற்று ஒரு தெருவோடு நிற்காது, நானும் நின்றதில்லை. அப்படிப்பட்டவன் மல்லாந்து கிடந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவாவது சுற்றுகிறது.

அந்த மூட்டு எனக்கு வந்தது அதற்கு எட்டு வருஷம் முன்னால். காவிரிப் பாலத்தில் பைக்கிலிருந்து விழுந்து முட்டி நொறுங்கியதில், மூட்டை மாற்றுவதைத் தவிர வழியில்லை என்றார்கள்.

“வயசானவங்களுக்கு வச்சா கவலை இல்ல. உங்களுக்கு வயசு கிடக்கு. பதினஞ்சு, இருபது வருஷம் வரலாம். தேயாம பாத்துக்கங்க” என்றார் டாக்டர்.

அன்றிலிருந்து எனக்குத் தேய்மானம்தான் பயம். மாடிப்படி ஏறும்போதெல்லாம் உள்ளே ஏதோ அரைபடுவதுபோல ஒரு நினைப்பு. வருஷா வருஷம் தில்லை நகருக்குப் போய் எக்ஸ்ரே எடுப்பேன். நூலளவுகூடத் தேயவில்லை என்பார் டாக்டர். அந்தச் சந்தோஷத்தில் ஒவ்வொரு ஆடியிலும் சமயபுரத்தாளுக்கு நடந்துபோவேன். லால்குடியிலிருந்து என் மச்சான், தனத்தின் அண்ணன், அதற்காகவே வந்து சேர்ந்துகொள்வார்.

“மாப்ளைக்கு என்ன, இரும்புக் காலு! கும்பகோணம் வரைக்கும் நடப்பாரு. எங்களுதுதான் வெறும் சதை, எங்கயாச்சும் நிழல் பாத்து உக்காரணும்.”

“பேசாம நடங்க மச்சான். மூச்சு வாங்குது உங்களுக்கு.”

கடைசியாக நடந்த ஆடியில் செருப்பில்லாமல் வருவதாக வேண்டிக்கொண்டிருந்தேன். கொள்ளிடம் பாலத்தில் தார் கொதித்தது. டோல்கேட் தாண்டும்போது குதிகாலில் கொப்புளம் உடைந்தது. ஆத்தாளுக்காகப் பட்ட காயம், அவளே பார்த்துக்கொள்வாள் என்று நடந்தேன். எனக்குச் சர்க்கரை வேறு உண்டு. புண் மூடினாற்போல் இருந்தது, அடியில் ஆறவில்லை.

ஆவணியில் காய்ச்சல் வந்தது. முட்டி வீங்கி அடுப்பு மாதிரி சுட்டது. டாக்டர் முட்டியைப் பார்க்குமுன் என் பாதத்தைத் திருப்பிப் பார்த்தார்.

“இந்தப் புண்ணுல இருந்த கிருமி ரத்தத்துல ஏறி மூட்டுல போய் உக்காந்திருக்கு. சதையா இருந்தா ரத்த ஓட்டம் இருக்கும், மருந்து போய்ச் சேரும். உலோகத்துல அது ஒட்டிக்கிட்டா மருந்தால விரட்டுறது கஷ்டம்.”

“மூட்டு தேஞ்சுபோச்சா சார்?”

“அது புதுசாட்டம் இருக்கு. ஆனா எடுக்க வேண்டி வரலாம்.”

முதலில் திறந்து கழுவிப் பார்த்தார்கள். மாதக்கணக்காக ஊசி, மாத்திரை. தை பிறந்ததும் மறுபடி சீழ். அப்போதுதான் கழற்றினார்கள். எத்தனை வருஷம் உழைக்குமோ என்று நான் பொத்திப் பொத்தி வைத்திருந்த மூட்டு, உழைப்பதற்குத் தெம்போடு இருக்கும்போதே வெளியே வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது டாக்டர் எதையும் மறைக்கவில்லை. “மாத்திரை முடிஞ்சதும் முட்டியில நீர் எடுத்துச் சோதிப்போம். கிருமி இல்லைன்னா புது மூட்டு.”

“இருந்தா?” என்று தனம் கேட்டாள்.

“ரெண்டு எலும்பையும் சேத்து இறுக்கிடுவோம்மா. கால் இருக்கும். மடங்காது.”

படிக்கட்டில்லாத வீடு எத்தனை இருக்கிறது ஊரில்? மீட்டர் எல்லாம் எங்கே மாட்டியிருக்கிறது? படுத்தபடியே ஒவ்வொரு வாசலாக நினைத்துப் பார்த்தேன். ஒன்றிலும் என்னால் ஏற முடியவில்லை.

சுவரில் மாட்டியிருந்த அம்மன் படத்தைப் பார்த்து ஒருநாள் கத்தினேன். “உனக்குத்தானே நடந்தேன்? நடந்த காலையே எடுத்துக்குவியா?” தனம் அடுக்களையிலிருந்து வந்து பார்த்துவிட்டு, படத்துக்கு விளக்கேற்றிவிட்டுப் போனாள்.

கோபம் வடிந்ததும் பேரம் பேச ஆரம்பித்தேன். “தனம், பால்குடம் எடுக்கிறேன்னு வேண்டிக்கட்டுமா?”

“எப்படி எடுப்பீங்க?”

“அங்கப்பிரதட்சணம்?”

“கட்டில்ல இந்தப் பக்கம் அந்தப் பக்கம் புரளுறதுக்கே நான் வரணும்.”

“தீ மிதிக்கிறேன்.”

“மிதிச்சவரைக்கும் போதும்!” அவள் சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. “எல்லாத்துக்கும் கால் வேணும்ங்க.”

பட்டினி இருக்கலாம் என்று நினைத்தேன். அதற்குக் கால் வேண்டாமே. ஆனால் அந்த மாத்திரைகளை வெறும் வயிற்றில் போடக் கூடாது, சர்க்கரையும் இறங்கிவிடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆக, சாப்பிடாமல் இருக்கும் உரிமைகூட எனக்கு இல்லை. சாமிக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றுமே மிச்சமில்லை. அப்படி ஒரு வெறுமையை நான் பார்த்ததில்லை. தண்ணீர் வற்றிய கொள்ளிடம் மாதிரி, கண்ணுக்கெட்டிய தூரம் மணல்.

மாசிக் கடைசி ஞாயிறு வந்தது. சமயபுரத்தில் பூச்சொரிதல். காலையிலிருந்தே எங்கள் தெருவில் கூடை கூடையாகப் பூ போனது. மேளச் சத்தம் சன்னல் வழியாக வந்து என் மேல் விழுந்து, வந்த வழியே போனது. தனமும் ஒரு கூடை மல்லிகையோடு பஸ் ஏறிப் போய்விட்டு, மத்தியானம் வந்தாள். ரசம் சாதம் பிசைந்து தட்டை நீட்டினாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

“சாப்பிடுங்க.”

“வேண்டாம். எதுக்குச் சாப்பிடணும்?”

“ஆத்தாளுக்குக் காப்புக் கட்டியாச்சு. இன்னையிலேர்ந்து இருபத்தெட்டு நாள் அவ பட்டினி. துள்ளுமாவும் நீர்மோரும்தான். அவ உங்களுக்காகக் கிடக்கிறா. நீங்க உங்க வேலையப் பாருங்க, சாப்பிட்டு மாத்திரையப் போடுங்க.”

பச்சைப் பட்டினி விரதம். திருச்சிக்காரனுக்கு இது புதுச் செய்தி இல்லை. மற்ற இடங்களில் பக்தன் சாமிக்காக விரதம் இருப்பான், சமயபுரத்தில் பக்தனுக்காக அம்மன் விரதம் இருக்கிறாள் என்று பிறந்ததிலிருந்து கேட்டவன்தான். கேட்டுக்கொண்டே நடந்தவன்தான். அந்த விரதம் யாருக்காக என்று மட்டும் ஒருநாளும் நினைத்ததில்லை. எதுவும் செய்ய முடியாமல் கிடக்கிறவனுக்காக. எனக்காக.

தட்டை வாங்கினேன். ரசத்தில் என் கண்ணீரும் விழுந்தது. உப்புக் கூடிப்போச்சா என்று தனம் கேட்டாள். ஆமாம் என்றேன்.

அதற்கப்புறம் நான் பேரம் பேசவில்லை. மூன்று வேளையும் படத்தைப் பார்த்து, “தாயே, நான் சாப்பிடுறேன்” என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டேன். என்னால் முடிந்த ஒரே பிரார்த்தனை அதுதான். பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். பங்குனியில் மாத்திரையை நிறுத்தியதும் ஒரு சாயங்காலம் முட்டி கதகதவென்று இருந்தது. தனம் புறங்கையை வைத்துப் பார்த்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

நீர் எடுத்தார்கள். கிருமி வளருகிறதா என்று வைத்துப் பார்க்க நாளாகும் என்றார்கள். விரதம் முடிகிற வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. தனம்தான் எடுத்தாள். “சரிங்க, சரிங்க” என்றாள். போனை வைத்துவிட்டுச் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள்.

“ஒண்ணும் வளரலையாம்ங்க.”

சித்திரையில், சமயபுரத்தில் தேர் ஓடிய சமயம், எனக்குப் புது மூட்டு வைத்தார்கள். இது முந்தையதைவிடப் பெரிசு. எலும்புக்குள் நீளமாகத் தண்டு இறங்கியிருக்கிறது. முந்தையது அளவுக்கு உழைக்கும் என்று வாக்குக் கொடுக்க முடியாது என்றார் டாக்டர். நானும் கேட்கவில்லை. கம்பு ஊன்றி நடக்கிறேன். பஸ் படி ஏறுகிறேன். தரையில் உட்கார முடியாது. ஆபீசில் நாற்காலி வேலை கொடுத்திருக்கிறார்கள். இப்போதெல்லாம் தனம் தினமும் கண்ணாடி பிடித்து என் உள்ளங்காலைப் பார்க்கிறாள். கோயில் வாசல் வரைக்கும் செருப்போடுதான் போகிறேன்.

இந்த வருஷம் பங்குனியில், விரதம் முடிந்ததும் சமயபுரம் கிளம்பினோம். மச்சான் வழக்கம்போல நடக்கத் தயாராக நின்றார்.

“பஸ்லயா மாப்ள? ஆத்தா கோச்சுக்க மாட்டா?”

“நீங்க நடங்க மச்சான். நான் முன்னாடி போய் உங்களுக்கு மோர் வாங்கி வைக்கிறேன்.”

இதைப் படிக்கிறவர்களில் யாராவது இப்போது படுக்கையில் கிடக்கலாம். நேர்த்திக்கடன் செய்யக் காலில்லாமல், கும்பிடத் தெம்பில்லாமல் இருக்கலாம். உங்களுக்கு ஒன்றே ஒன்று சொல்வேன். புண் இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். மாத்திரையைப் போடுங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். நம்மால் முடியாததை அவள் தன் மேல் ஏற்றுக்கொண்டிருக்கிறாள்.

சன்னதியில் நெருக்கித் தள்ளினார்கள். எல்லோரும் கையேந்தி ஏதேதோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். வெளியே வந்ததும் தனம், “என்னங்க வேண்டிக்கிட்டீங்க?” என்றாள்.

“ஒண்ணும் வேண்டிக்கல. ‘சாப்பிட்டியாம்மா’ன்னு கேட்டுட்டு வந்தேன்.”