ஆற்று விரால்

எழுபதுகளின் கடைசியில் சிலிபினில் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த எனக்கு, கோலாலம்பூரிலிருந்து வந்த மலாய்ப் பொருளாதார ஆய்வாளர் ஒருவரிடம் மொழிபெயர்ப்பு வேலை கிடைத்தது. கோப்பெங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் ஓடிய ஆறு மக்களின் வயிற்றுக்கும் உடம்புக்கும் என்ன தருகிறது என்று அவர் மதிப்பிட வேண்டும். ஆற்றின் மேல்பகுதியில் புதிதாக ஈயச் சுரங்கம் வரவிருந்தது. ஆற்றால் யாருக்கும் பயனில்லை என்றால் சுரங்கச் சேற்றை அதில் திறந்துவிடுவார்கள். நான் பிறந்த தோட்டம், நான் நீச்சல் பழகிய ஆறு.

தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்துக்குள் வெளியாள் நுழைந்தால், தோட்டக் கணக்கரான கிராணியும் கூட வருவது வழக்கம். எங்களோடும் வந்தார். அங்கேதான் காரியம் கெட்டது. ஆற்றில் மீன் பிடித்தால் வேலை போகும் என்பது தோட்ட நிர்வாகியான துரையின் உத்தரவு. கிராணியின் தலையைக் கண்டதும் எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

"ஆத்துல என்னக்கா எடுக்குறீங்க?"

"ஒண்ணும் இல்லலா. எல்லாம் பைப்புத் தண்ணிதான்."

வீட்டுக்கு வீடு இதே பதில். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது.

கடைசி வீட்டு அக்கா என் அம்மாவோடு பால்மரம் வெட்டியவர். அவரும் அதையேதான் சொன்னார். ஆனால் சாப்பாட்டு நேரத்தில் வந்தவர்களை வெறும் வயிற்றோடு அனுப்ப அவருக்கு மனசு வராது.

"மக்கான் நேரம்லா, ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க" என்று மூவரையும் உட்காரவைத்தார். சோறு, கங்கோங் கீரைப் பிரட்டல், பிள்ளை பெற்ற மகளுக்குப் புண் ஆறவென்று வைத்த விரால் குழம்பு.

"மீன் எங்கே வாங்கியது?" என்று ஆய்வாளர் மலாயில் கேட்டார்.

அக்காவின் கரண்டி அப்படியே நின்றது. முகம் வெளுத்துக் கிராணியைப் பார்த்தார். கிராணியோ குனிந்து முள் எடுத்துக்கொண்டிருந்தார்.

"ஆத்து விராலு ருசியே தனிதான்க்கா" என்றார் நிமிராமல். "இன்னொரு துண்டு போடுங்க. தொரைகிட்ட யாரு சொல்லப் போறா?"

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அப்புறம் மீன், கீரை, துவைப்பது, குளிப்பது என்று எல்லாம் கொட்டினார். செய்தி பரவி, 'ஒண்ணும் இல்ல' என்றவர்களும் வந்து கூடினார்கள். அன்று என்னைப்போல் சந்தோஷப்பட்டவர் யாருமில்லை.

சேறு எங்கள் ஆற்றுக்கு வரவில்லை. ஆனால் எண்பதுகளில் தோட்டத்தை விற்றார்கள், லயமும் காலியானது. அக்கா சிலிபினுக்குப் பக்கத்திலுள்ள புந்தோங்குக்கு வந்துவிட்டார். ஒரு நாள் சந்தையில், ஐஸ் மீன் பையோடு நின்றவரிடம் ஆற்றைப் பற்றிக் கேட்டேன்.

"கண்ணாடியாட்டம் ஓடுதாம்லா" என்றார். "எறங்கிக் குளிக்கத்தான் அங்க ஒருத்தரும் இல்ல."