ஷட்டர் ஸ்பிரிங்

திண்டிவனத்தில் ஸ்டூடியோ வைத்திருந்த சூசைமுத்து முன்கோபி. படமெடுத்தால் ஆயுசு குறையும் என்று அவர் மனைவி இன்னாசியம்மாள், மகள் அமல்ராணியைக் கேமரா பக்கமே விட்டதில்லை. 1958இல் பிள்ளை வெள்ளைக் கவுன் போட்டு, சர்ச்சில் முதல் நற்கருணையான புதுநன்மை வாங்கிய அன்றுதான் சம்மதித்தாள். அன்று பார்த்தா ஷட்டர் ஸ்பிரிங் ஒடிய வேண்டும்!

“லென்ஸ் மூடியைக் கையால தொறந்து மூடி எடுங்களேன்.”

“அதுக்கு ஆடாம இருக்கணும்டி. இவ இருப்பாளா? ஸ்பிரிங்கைப் போட்டுட்டு எடுக்கறேன், போ!”

கடிகார ஸ்பிரிங்கை வெட்டி வளைத்துப் பொருத்துவதற்குள் வாந்திபேதி முந்திக்கொண்டு பிள்ளையை வாரிக்கொண்டு போனது.

அதே வெள்ளைக் கவுனில் பிள்ளையை நாற்காலியில் சாய்த்து வைத்தார்கள். சூசைமுத்து ஷட்டரில் விரலை வைத்தார்.

“இப்பதான் ஆடாம குந்திக்கினு இருக்காளே,” என்றாள் இன்னாசியம்மாள். “மூடியைத் தொறந்தே எடுங்க.”