காதர் அண்ணன் இறங்கிப் பார்த்தார்

நம் பள்ளி வேன் ஓட்டிய காதர் அண்ணன் இறந்துவிட்ட செய்தி, வகுப்பில் முதலில் எனக்குத்தான் வந்தது. குரூப்பில் போட்டேன். "இதுலயுமாடா விளையாடுவ?" என்று ஆளுக்கு ஆள் திட்டினீர்கள். பொய்க்கு ஃபுல் டேங்க் போட்டு ஓடுகிறவன் நான். உங்களைக் குறை சொல்ல முடியாது.

அறந்தாங்கியில் மற்றவர்களுக்குத்தான் நாலு பருவம். நமக்கு வருஷம் முழுக்க வேனில் காலம். "அண்ணே, பின் டயர் பஞ்சர்!" என்று கத்துவேன். அவர் ஓரங்கட்டி, கைலியை மடித்துக் கட்டி, இறங்கிப் போய் டயரைத் தட்டிப் பார்ப்பார். மறுநாளும் கத்துவேன். மறுநாளும் இறங்குவார்.

"நான் சொல்றது பொய்யின்னு தெரியாதாண்ணே?"

"தெரியும்டா. ஒருத்தன் சொன்னா என்னன்னு பாக்கணும்ல. அது ஒனக்கு ஹக்கு."

அரபு நாட்டில் லாரி ஓட்டியவர். ஹக்கு என்றால் அங்கே உண்மை. ஒருவருக்குச் சேர வேண்டியதற்கும் அதே சொல்தான் என்றார். "அசையாம நெலச்சு நிக்கிறதுன்னு அடிப்படை அர்த்தம்னு எங்க பள்ளிவாசல்ல ஓதிக் குடுத்த ஹஜ்ரத்து சொல்வாக."

"அப்ப நம்ம வேனும் ஹக்குதாண்ணே. காலையில தள்ளுனாலும் அசைய மாட்டேங்குது."

சிரித்து, இருமி, ஸ்டியரிங்கிலேயே தலையைச் சாய்த்துக்கொண்டார்.

பள்ளிவாசல் முற்றத்தில் அவரைக் கிடத்தியிருந்தபோது, மகன் ரியாஸ் அண்ணன் அவர்கள் வழக்கப்படி கூட்டத்தைக் கேட்டார்: "எங்க அத்தா மேல யாருக்காச்சும் ஹக்கு இருந்தா சொல்லுங்க. நான் தீத்துர்றேன்."

நான் கையைத் தூக்கினேன்.

நம் செல்வா என் சட்டையை இழுத்தான். "டேய், எங்களுக்கும் சேத்து அடி வாங்கிக் குடுத்துராத." பின்னால் ஒரு பெரியவர், "வேன்ல வர்ற சேட்டக்காரப் பய. எதாச்சும் ஒளறுவான், அங்கிட்டுப் போகச் சொல்லுங்க" என்றார். அந்த ஒரு தடவை மட்டும் என்னை நம்பிவிட வேண்டுமே என்றிருந்தது.

ரியாஸ் அண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். "சொல்லு தம்பி. அத்தா இருந்தா என்னன்னு கேட்டிருப்பாக."

"எனக்குச் சேர வேண்டியதுல அண்ணன் எதையும் பாக்கி வைக்கலண்ணே. தெனமும் குடுத்துட்டாக. அதையும் ஒருத்தன் சொல்லணும்ல, அதான்."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். செல்வா சட்டையை விட்டான்.

காதர் அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த இறங்கிப் பார்க்கும் வேலைதான். நேற்று என் தங்கை, "அண்ணா, கொல்லையில பாம்பு!" என்று அலறினாள். என்னிடம் பயிற்சி எடுத்தவள். போய்ப் பார்த்தேன், பாம்பு இல்லை. இதோ, இப்போது மறுபடி கத்துகிறாள்.

இருங்கள், பார்த்துவிட்டு வருகிறேன்.